நான்காவது ஃபைட்டரை எடுத்துவிடுங்கள்

கேள்வி: விசார்ட்ரி கணினி விளையாட்டு வரிசையின் முதல் ஆட்டத்தில் நான்கு ஃபைட்டர் (போர்வீரர்), ஒரு மேஜ் (மந்திரவாதி), ஒரு ப்ரீஸ்ட் (பூசாரி) என்று அணி வைத்திருக்கிறேன். எல்லாருடைய குணமும் 'குட்' (நல்லவர்). நிலவறையின் முதல் தளத்திலேயே இரண்டு முறை மொத்தமாகச் செத்துவிட்டோம். பெட்டியைத் திறந்தால் விஷ ஊசி வேறு. யாரை மாற்றலாம்?

பதில்: முதலில் நான்காவது ஃபைட்டரை. 1981-இல் வந்த இந்த ஆட்டத்தில் வரிசையின் முதல் மூன்று பேரால்தான் ஆயுதத்தால் அடிக்க முடியும். வில், அம்பு கிடையாது. பின்னால் நிற்பவர் கையில் எவ்வளவு நல்ல வாள் இருந்தும் பயனில்லை.

அந்த இடத்துக்கு ஒரு தீஃப் (பெட்டிகளின் பொறியை நீக்கும் திருடர்) வேண்டும். ஹாபிட் என்ற குள்ள இனத்துக்கு ஆரம்ப அஜிலிட்டியே (சுறுசுறுப்பு) 10. தீஃப் ஆக 11 போதும். ஆனால் தீஃப் 'குட்' ஆக இருக்க முடியாது, 'ஈவில்' (கெட்டவர்) உங்கள் 'குட்' அணியில் சேர மாட்டார். அதனால் 'நியூட்ரல்' (நடுநிலை) ஆக உருவாக்குங்கள். முதல் நிலைத் தீஃபும் பொறியை நீக்கும்போது தவறுவார். ஆரம்பத்தில் சில பெட்டிகளைத் தொடாமல் விட்டுவிட்டு வருவதே நல்லது.

நானாக இருந்தால் மூன்றாவது ஃபைட்டரையும் எடுத்துவிடுவேன். ப்ரீஸ்ட் கேடயமும் ஓரளவு கனமான கவசமும் அணியலாம், முன்வரிசையில் தாக்குப்பிடிப்பார். அப்போது பின்னால் இரண்டாவது மேஜுக்கு இடம் கிடைக்கிறது. உங்கள் அணி சாவதற்கு உண்மையான காரணம் அவர் இல்லாததுதான் என்று நினைக்கிறேன். முதல் நிலை மேஜ் இரண்டு மந்திரம்தான் போட முடியும். இரண்டு பேர் இருந்தால் நான்கு. அந்த நான்கையும் காட்டினோ என்ற மந்திரத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள். ஹாலிட்டோ ஒரு எதிரியைச் சுடும், காட்டினோ ஒரு கூட்டத்தையே தூங்க வைக்கும். தூங்குகிறவர்கள் திருப்பி அடிக்க மாட்டார்கள், அதற்குள் ஃபைட்டர்கள் வேலையை முடித்துவிடுவார்கள். இறந்தெழுந்த பிணங்களிடம் மட்டும் இது பலிக்காது. அவற்றை ப்ரீஸ்ட் விரட்டலாம், ஆனால் விரட்டியவற்றுக்கு அனுபவப் புள்ளி கிடையாது.

மந்திரம் தீர்ந்ததும் பேராசைப்படாமல் கோட்டைக்குத் திரும்புங்கள். அங்குள்ள விடுதியின் குதிரை லாயத்தில் தூங்கக் காசு வேண்டாம். உயிர்ப்புள்ளி ஏறாது, மந்திரம் முழுவதும் திரும்பிவிடும். அப்புறம் ப்ரீஸ்ட்டின் டியோஸ் மந்திரத்தால் காயம்பட்டவர்களைக் குணப்படுத்தி, அவரை மறுபடி லாயத்தில் தூங்க வையுங்கள். எல்லாரும் தேறும்வரை இதையே செய்யலாம்.

பிஷப் இப்போது வேண்டாம். அவர் மேஜ், ப்ரீஸ்ட் இருவரின் மந்திரமும் கற்பார், ஆனால் மிக மெதுவாக. பொருட்களை இன்னதென்று கண்டுபிடிக்க மட்டும் ஒருவரை உருவாக்கி மதுக்கடையில் வைத்திருங்கள். கடையில் அதற்குக் கேட்கும் கட்டணம் பொருளை விற்றால் வரும் காசுக்குச் சமம்.