பேட்டன்ட் பெற்ற பெற்றோல் மிச்சக் கருவி, ஒரு துளி இரத்தத்தில் எல்லாப் பரிசோதனை: நம்பிப் பணம் கட்டலாமா?

கேட்ட தம்பி நுவரெலியாவில் த்ரீவீலர் ஓட்டுகிறார். பெற்றோல் குழாயில் மாட்டும் காந்தம் ஒன்று 30 சதவீதம் மிச்சப்படுத்துமாம், பேட்டன்ட் (கண்டுபிடிப்புக்குக் கொடுக்கும் காப்புரிமை) இலக்கமும் இருக்கிறதாம். அதே ஆள் ஒரு துளி இரத்தத்தில் எல்லா நோயையும் சொல்லும் மெஷினுக்கும் முற்பணம் கேட்கிறாராம்.

கட்டாதீர்கள். பேட்டன்ட் அலுவலகம் பார்ப்பது யோசனை புதிதா, தொழிலுக்கு உதவக்கூடியதா என்பதைத்தான், அதுவும் காகிதத்தில். ரம்பொடை ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்து யாரும் இலக்கம் கொடுப்பதில்லை. டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் 1892-இல் விண்ணப்பித்த பேட்டன்டில் எழுதிய எரிப்பு முறையே நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. 1897-இல் நன்றாக ஓடிய அவருடைய எஞ்சின் வேறு மாதிரித்தான் எரித்தது.

நான் தேயிலை ஃபெக்டரியில் எஞ்சின் வேலை பார்க்கிறவன். இன்றைய எஞ்சினில் உள்ளே போகும் பெற்றோல் கிட்டத்தட்ட முழுவதும் எரிந்துவிடுகிறது. வீணாவது எரியாத பெற்றோல் அல்ல, புகையோடும் எஞ்சின் சூட்டோடும் வெளியே போகும் வெப்பம். அப்படியிருக்க, 'நன்றாக எரிய வைத்து' 30 சதவீதத்தை எங்கிருந்து எடுப்பார்கள்?

ஆனால் "மாட்டினேன், மிச்சம் தெரிந்தது" என்று சொல்கிற டிரைவர்மார் எல்லோரும் பொய் சொல்லவில்லை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கொழும்பை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழ்நாட்டுக்கு செட் பண்ணிய காபரேட்டர் (பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடும் பாகம்) இங்கே வந்தால் காற்றுக்கு மிஞ்சிய பெற்றோலை விடும். பிளக் கறுக்கும், சைலன்சரில் கரும்புகை வரும். இப்படிப்பட்ட வண்டியில் கொஞ்சம் கூடுதல் காற்று விடுகிற எந்தக் கருவியும் வேலை செய்வது போலத் தெரியும். அதையே கராஜில் ஒரு நல்ல பாஸ், பெற்றோல் வரும் சின்னத் துளையான ஜெட்டை மாற்றி, ஸ்குரூவைத் திருப்பிச் சரி பண்ணிவிடுவார். இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் அந்தத் தொல்லையும் பெரும்பாலும் இல்லை, சென்சாரைப் பார்த்து அதுவே சரி செய்துகொள்ளும். காந்தம் இதில் எதையும் செய்யாது.

அப்புறம் இரத்தம். என் மனைவி லேப்பில் வேலை செய்கிறார், இந்தப் பகுதி அவர் சொன்னது. டெங்குக் காய்ச்சலுக்கு எடுக்கிற எஃப்பிசி, அதாவது இரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை, அதைச் செய்யும் மெஷின் பலவற்றின் அடிப்படை, வாலஸ் கூல்டர் 1953-இல் பெற்ற பேட்டன்ட். உப்புக் கரைசலில் கலந்த இரத்தம் மின்சாரம் பாயும் சின்னத் துளை வழியே போகும். ஒவ்வொரு அணுவும் கடக்கும்போது மின்தடை மாறும், அதை எண்ணிக்கொள்வார்கள். இந்த யோசனை ஆஸ்பத்திரிகளில் தினமும் வேலை செய்கிறது.

விரல் நுனித் துளி இரத்தத்தில் ஏராளமான பரிசோதனை செய்யலாம் என்று சொன்ன அமெரிக்காவின் தெரனோஸ் கம்பனியிடமும் பேட்டன்ட்கள் குவிந்திருந்தன. ஒரு காலத்தில் 900 கோடி டொலர் மதிப்புப் போட்டார்கள். 2018-இல் கம்பனி மூடப்பட்டது, அதை ஆரம்பித்த எலிசபெத் ஹோம்ஸ் முதலீட்டாளரை ஏமாற்றிய குற்றத்துக்குச் சிறை போனார். விரல் நுனித் துளியில் சீனி பார்க்கலாம், அது வேறு. விரலை அழுத்தி எடுக்கும்போது திசு நீர் கலக்கும், சில அணுக்கள் உடையும். அதில் பொட்டாசியம் பார்த்தால் உண்மையில் இருப்பதை விடக் கூடுதலாகக் காட்டலாம்.

விற்க வருகிறவரிடம் பேட்டன்ட் இலக்கத்தை விட்டுவிட்டு, மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் அந்த மெஷினைப் பதிந்த சான்றிதழைக் கேளுங்கள். காந்தத்துக்கு ஒரு டாங்க் பெற்றோல் ஓடிப் பார்த்துப் பிறகு காசு தருகிறேன் என்று சொல்லுங்கள். முதலில் கராஜுக்குப் போய் காபரேட்டரைச் சரி பண்ணிவிட்டு வந்து சொல்லுங்கள்.