எம்.சி.பி. விழுந்தால் பெரியது போடலாமா?

கேள்வி: மின்சார காருக்காக வீட்டில் 7.4 கிலோவாட் சார்ஜர் மாட்டியிருக்கிறோம். மெயின் போர்டிலிருந்து 25 மீட்டர் தூரம். 6 சதுர மி.மீ. காப்பர் வயர், 32 ஆம்பியர் எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானே விழுந்து அணைக்கும் சுவிட்ச்). சார்ஜ் போட்டு ஒன்றரை மணி நேரத்தில் எம்.சி.பி. விழுந்துவிடுகிறது. ஆறிய பிறகு தூக்கிவிட்டால் மறுபடி ஓடுகிறது. "63 ஆம்பியர் போட்டுவிட்டால் தொல்லை இல்லை" என்கிறார் எலக்ட்ரீஷியன். போடலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து போடாதீர்கள். இதே மாதிரி விழுந்துகொண்டிருந்த எம்.சி.பி.யைப் பெரியதாக மாற்றிய ஒரு வீட்டுக்கு நான் பின்னொரு நாள் போக நேர்ந்தது. போர்டைத் திறந்து வயரைத் தொட்டதும் அதன் மேலுறை பொடியாக உதிர்ந்தது. வயர் முனையைப் பிடிக்கும் டெர்மினல் ஸ்க்ரூ சரியாக முறுக்கப்படவில்லை, அவ்வளவுதான். தளர்ந்த முனையில் எழுந்த சூட்டில்தான் பழைய எம்.சி.பி. விழுந்திருக்கிறது. அது சொன்னதை யாரும் கேட்கவில்லை.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். 7.4 கிலோவாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 32 ஆம்பியர். அயர்ன்பாக்ஸ் விட்டுவிட்டு எரியும். கார் அப்படியில்லை, மணிக்கணக்கில் முழு 32-ஐயும் இழுக்கும். எம்.சி.பி. மேல் எழுதியிருக்கும் 32 என்பது 30 டிகிரி சூட்டுக்குச் சொன்னது. மூடிய பெட்டிக்குள், பக்கத்து எம்.சி.பி.களின் வெக்கையும் சேர்ந்தால் அது சீக்கிரமே விழும். அதனால்தான் ஆறியதும் விழாமல் மறுபடி ஓடுகிறது. நீண்ட நேர லோடுக்குக் கால் பங்கு கூட்டிக்கொள்வது வழக்கம்: 32-க்கு 40 ஆம்பியர் எம்.சி.பி.

சரி, 40 போட்டால் போதுமா? போதாது, உங்கள் வயர் அதற்குத் தாங்காது. எம்.சி.பி. காப்பாற்றுவது வயரைத்தான். சுவருக்குள் பைப்பில் போகும் 6 சதுர மி.மீ. வயர் சுமார் 40 ஆம்பியர் தாங்கும். 40 டிகிரி வெக்கையில் அதுவே 35-க்குப் பக்கம் இறங்கிவிடும். சார்ஜர் 32-க்கு மேல் இழுக்காதல்லவா என்பார் எலக்ட்ரீஷியன். உண்மைதான். ஆனால் நாளைக்கு யாராவது அதே லைனில் ஒரு மோட்டாரைச் சேர்த்து 55 ஆம்பியர் ஓடினாலும் அந்த 63 அசையாது. வயர்தான் வேகும்.

எனவே 10 சதுர மி.மீ. காப்பர் இழுங்கள், எர்த்தும் அதே 10. அதோடு 40 ஆம்பியர் எம்.சி.பி. இந்த லைனில் வேறு எதுவும் சேரக் கூடாது. உங்கள் 25 மீட்டருக்குப் போக வர 50 மீட்டர் வயர். 6-இல் ஏறக்குறைய 158 வாட் சூடாக வீணாகும், 10-இல் 94 வாட்தான். பழைய 6-ஐ வைத்துக்கொண்டு இன்னொரு 6-ஐ இணைத்துவிடலாமா என்று நினைக்காதீர்கள்; ஒன்றின் முனை தளர்ந்தால் மொத்த பாரமும் மற்றதன் தலையில் விழும்.

லீக்கேஜுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு தெரிந்ததும் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். அதில் 'ஏசி' வகை வாங்காதீர்கள். காரிலிருந்து டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) கசிந்தால் அந்த வகை மரத்துப்போகும், கசிவை உணராது. சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் காவல் இருந்தால் 'ஏ' வகை போதும். இல்லையென்றால் 'பி' வகை. மெயின் இணைப்பு இந்த 7.4 கிலோவாட்டையும் சேர்த்துத் தாங்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வயர் மாற்றும்வரை என்ன செய்வது? மெயினை அணைத்துவிட்டு எல்லா டெர்மினல் ஸ்க்ரூவையும், அளவு பார்த்து முறுக்கும் டார்க் ஸ்க்ரூடிரைவரால் எலக்ட்ரீஷியனையே முறுக்கச் சொல்லுங்கள். ஒரு முனையில் 0.05 ஓம் தடை இருந்தாலே 32 ஆம்பியரில் 51 வாட் சூடு அந்த ஒரே புள்ளியில் எழும். அப்புறம் சார்ஜர் செட்டிங்கில் ஆம்பியரை 24-க்குக் குறையுங்கள். வயரில் சூடு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். அப்போதும் இரவு 8 மணி நேரத்தில் 44 யூனிட் கிடைக்கும்.