கல்லூரி ஐஸ் ஹாக்கி: காசு எங்கே போகிறது? (கேள்வி பதில்)

அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் விளையாட்டுத் துறையில் வரவு செலவு பார்க்கும் வேலை எனக்கு. அதில் ஐஸ் ஹாக்கிக் கணக்கோடுதான் அதிகம் மல்லுக்கட்டுகிறேன். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

பிரபு: வணக்கம் அண்ணா. ஒரு ஆண்கள் அணியை ஒரு வருடம் நடத்த எவ்வளவு ஆகும்? தோராயமாகச் சொன்னால் போதும்.

வணக்கம் தம்பி. அலாஸ்கா ஆங்கரேஜ் பல்கலைக்கழகத்தை வைத்துச் சொல்கிறேன். 2020-ல் அங்கே ஹாக்கியை நிறுத்த முடிவெடுத்தார்கள். இரண்டு வருடச் செலவுக்கான 30 லட்சம் டாலரைத் திரட்டிக் கொடுத்தால் அணி தொடரலாம் என்றார்கள். ஊர்க்காரர்களும் பழைய வீரர்களும் திரட்டிக் காட்டினார்கள். 2022-23-ல் அணி மறுபடி ஆட வந்தது. ஆக, வருடத்துக்கு 15 லட்சம் டாலர். முதல் டிவிஷனில், அதாவது கல்லூரி விளையாட்டின் உச்ச மட்டத்தில், இது சிக்கனமான கணக்கு. பெரிய பல்கலைக்கழகங்களில் செலவு இதைவிட வெகு அதிகம்.

மாலதி: ஸ்டிக், ஸ்கேட், கோல்கீப்பரின் கவசம் எல்லாம் கொள்ளை விலை. அவைதானே பெரிய செலவு?

இல்லைங்க. நல்ல ஸ்டிக் ஒன்று 300 டாலரைத் தாண்டும், அடிக்கடி உடையும், உண்மைதான். ஆனால் ஸ்காலர்ஷிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது சில்லறை. முதல் டிவிஷனில் ஓர் அணிக்கு 18 முழு ஸ்காலர்ஷிப் என்பதுதான் நெடுங்கால வரம்பு. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலர் வாங்கும் தனியார் கல்லூரி என்று வையுங்கள். 18 பேருக்கு 14 லட்சத்து 40 ஆயிரம். கல்லூரி வீரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய ஹவுஸ் வழக்கில் 2025-ல் வந்த தீர்வுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 18 என்ற வரம்பு இல்லை. அணியில் 26 பேர் வரை இருக்கலாம், அத்தனை பேருக்கும் கொடுக்கலாம். ஐவி லீக் கல்லூரிகளும் (ஹார்வர்ட், யேல் போன்ற எட்டு பழைய தனியார் பல்கலைக்கழகங்கள்) மூன்றாம் டிவிஷனும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் தருவதே இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் தொகையில் பெரும்பகுதி கல்லூரியை விட்டு வெளியே போவதில்லை. விளையாட்டுத் துறைக் கணக்கில் செலவு, கட்டணக் கணக்கில் வரவு, அவ்வளவுதான். வகுப்பில் இடம் காலியாகக் கிடக்கும் கல்லூரியில், அந்த மாணவன் வந்ததால் கூடும் அசல் செலவு கட்டிலும் சாப்பாடும்தான். "ஹாக்கியால் இவ்வளவு நஷ்டம்" என்று நிர்வாகம் சொன்னால், ஸ்காலர்ஷிப்பை எந்த விலைக்கு எழுதினீர்கள் என்று முதலில் கேளுங்கள். அதைக் கேட்காமலே பல அணிகளின் தலையெழுத்து முடிவாகிவிடுகிறது என்பது என் வருத்தம்.

செந்தில்: தரையில் தண்ணீர் ஊற்றி உறைய வைப்பதில் அப்படி என்ன செலவு சார்?

ஐஸ் தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம், ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டிய தடிமன். அதன் அடியில் கான்கிரீட்டுக்குள் ஓடும் குழாய்களில் குளிரூட்டிய உப்புநீரோ கிளைக்கால் என்ற எளிதில் உறையாத திரவமோ சுற்றிக்கொண்டே இருக்கும். ஆட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கம்ப்ரஸருக்கு ஓய்வு கிடையாது. காற்றின் ஈரத்தையும் இறக்க வேண்டும், இல்லையென்றால் அரங்குக்குள் பனிமூட்டம். அப்புறம் ஐஸைச் சீவி வழுவழுப்பாக்கும் சாம்போனி வண்டி, அதை ஓட்டுபவர், இயந்திரம் பார்ப்பவர்.

சொந்த ரிங்க் (ஐஸ் அரங்கு) இல்லாவிட்டால் மணிக்கு இவ்வளவு என்று வாடகை. அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகம் முதல் டிவிஷனுக்கு வந்த பிறகும் சில வருடம் ஊரில் இருந்த சின்ன ரிங்கில்தான் ஆடியது. 5,000 பேர் உட்காரும் சொந்த அரங்கு 2022-ல்தான் திறந்தது. சொந்த ரிங்க் இருந்தால் குழந்தைகள் வகுப்பு, பொதுமக்கள் சறுக்கும் நேரம் என்று கொஞ்சம் காசு திரும்ப வரும்.

ஜெயந்தி: பெரிய நன்கொடையாளர் கிடைத்தால் கவலை தீர்ந்ததா?

எதற்குக் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்தது. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு டெர்ரி பெகுலா என்ற கோடீஸ்வரர் 2010-ல் அறிவித்தது 8 கோடியே 80 லட்சம் டாலர். பிறகு 10 கோடியைத் தாண்டியது. அரங்கும் வந்தது, ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டும் வந்தன. அப்படி ஒருவர் எல்லா ஊருக்கும் கிடைக்க மாட்டார். வருடம் 15 லட்சம் நிரந்தரமாக வேண்டுமென்றால், 5 சதவீதம் எடுத்துச் செலவழிக்கும் வைப்புநிதிக்கு 3 கோடி டாலர் மூலதனம் வேண்டும். இந்த வருடப் பள்ளத்தை நிரப்பத் திரட்டும் காசு இந்த வருடத்தோடு சரி.

அருள்: அலபாமா ஹன்ட்ஸ்வில் பல்கலைக்கழக அணிக்குப் பணம் சேர்த்தார்களே, அப்புறமும் ஏன் மூடினார்கள்?

2020 மே மாதம் நிறுத்துவதாக அறிவிப்பு வந்ததும், ரசிகர்கள் சில நாட்களில் 5 லட்சம் டாலருக்கு மேல் சேர்த்தார்கள். அணி இன்னொரு பருவம் ஆடியது. ஆனால் அவர்கள் இருந்த லீகிலிருந்து ஏழு கல்லூரிகள் 2021-ல் பிரிந்து போவது ஏற்கெனவே முடிவாகியிருந்தது. ஹன்ட்ஸ்விலையும் இரண்டு அலாஸ்கா அணிகளையும் அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. தூரம் முக்கியக் காரணம்: வெள்ளி, சனி இரண்டு ஆட்டத்துக்காக முழு அணியும் மூட்டைகளோடு விமானம் ஏற வேண்டும்; பக்கத்துக் கல்லூரி என்றால் பஸ் போதும். புது லீக் எதுவும் கிடைக்காமல் 2021-ல் ஹன்ட்ஸ்வில் ஆட்டத்தை நிறுத்தியது. ஆகவே பட்ஜெட் போடும்போது யாரோடு ஆடப் போகிறோம் என்பதுதான் முதல் வரி.

ரேவதி: பெண்கள் அணியும் கட்டாயமா?

ஹாக்கியிலேயே வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் 1972-ன் டைட்டில் ஒன்பது சட்டப்படி, ஆண்களுக்கு இத்தனை இடம் கூட்டினால் பெண்களுக்கான வாய்ப்பையும் ஸ்காலர்ஷிப்பையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். அதைத் தொடக்கத்திலேயே பட்ஜெட்டில் வைப்பதுதான் நியாயம்.

கண்ணன், மிச்சிகன்: என் பையன் கல்லூரி க்ளப் அணியில் சேரப் போகிறான். எங்களுக்கு எவ்வளவு ஆகும்?

க்ளப் அணி என்றால் விளையாட்டுத் துறையின் அதிகாரபூர்வ அணி அல்ல; பெரும்பாலும் வீரர்கள் கட்டும் சந்தாவில்தான் வண்டி ஓடுகிறது. அது அணிக்கு அணி மாறும். நான்கு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: சந்தாவில் பயணமும் தங்கலும் அடங்குமா, ஸ்டிக் யார் வாங்குவது, பாதியில் அடிபட்டு நின்றால் பணம் திரும்புமா, பயிற்சி எத்தனை மணிக்கு. கடைசிக் கேள்வி காசு சம்பந்தப்பட்டதுதான். வாடகை குறைவு என்று இரவு 11 மணிக்கு ஐஸ் எடுக்கும் அணிகள் உண்டு. மறுநாள் காலை எட்டு மணி வகுப்பை அவன் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.