சாக்லேட் கட்டி தட்டிப்போச்சா? முதல்ல லேபிளைப் படிங்க தங்கச்சி

தங்கச்சி, நீங்க மன்னார்குடியிலேருந்து மலேசியாவுக்கு, எங்க ஊத்தான் மெலிந்தாங் பக்கம் வந்து மூணு மாசம் ஆச்சு, வர்ற சனிக்கிழமை மகளுக்கு ஆறாவது பிறந்தநாள்னு எழுதியிருந்தீங்க. பழமும் பிஸ்கட்டும் முக்கிச் சாப்பிடற மாதிரி சூடான சாக்லேட் செஞ்சு பார்த்தீங்க, அது ஈர மணல் மாதிரி கட்டி தட்டிப்போச்சு. "இங்க சாக்லேட்டே சரியில்லையா அக்கா, ஊர்லேருந்து வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?"ன்னு கேட்டிருந்தீங்க. அதோட விசா, வாடகை, பஸ் எல்லாத்தையும் ஒரே மூச்சுல கேட்டிருக்கீங்க. விசாவும் வாடகையும் உங்க வீட்டுக்காரர் வேலை செய்யற இடத்துல கேட்டா ஒரே நாள்ல தெரிஞ்சிடும். பஸ்ஸை நம்பாதீங்க, மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுங்க. அவ்வளவுதான். நான் உட்கார்ந்து எழுதறது அந்த "ஊர்லேருந்து" வார்த்தைக்காக.

நான் பட்டுக்கோட்டைப் பக்கம். 2001ல கல்யாணமாகி இங்க வந்தேன். வீட்டுக்காரர் செம்பனைக் குலை, அதான் பாமாயில் எடுக்கற குலை, ஏத்தற லாரி ஓட்டறவர். அஞ்சாறு வருஷம், ஊர்லேருந்து யார் வந்தாலும் அவங்க பெட்டியில எனக்கு ஒரு பொட்டலம் இருக்கும். புளி, வடகம், சீயக்காய், பிள்ளைக்குச் சாக்லேட். பெரியவனோட அஞ்சாவது பிறந்தநாளுக்கு என் தம்பி யார்கிட்டயோ குடுத்தனுப்பின சாக்லேட், ஏர்போர்ட்லேருந்து கார் டிக்கியில உருகி, இறுகி, மறுபடி உருகி, பிரிச்சா மேலெல்லாம் வெள்ளையா பூத்திருந்தது. பூசணம்னு நெனச்சு அவ்வளவையும் சாக்கடையில கொட்டினேன். அது பூசணமே இல்லை. சாக்லேட்டுக்குள்ள இருக்கற கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்குலயே உருகிடும். அப்படி உருகித் தன் இஷ்டத்துக்கு இறுகும்போது கொழுப்பு மேல வந்து வெள்ளையா படியும். தின்னா ஒண்ணும் ஆகாது, உருக்கினா அந்த வெள்ளையும் போயிடும். அன்னிக்கு இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

அதனாலதான் சொல்றேன், பெட்டியில சாக்லேட் வரவழைக்காதீங்க. இங்க வந்து பத்து வருஷம் ஆகியும் சிலபேர் "நம்ம ஊர்ல மாதிரி வராது"ன்னே காலம் தள்றாங்க. பால் சரியில்லை, தேங்காய் சரியில்லை, தமிழ்கூட சரியில்லைன்னு. சாப்பிட்டாச்சான்னு கேக்க, இங்கத்துத் தமிழ்ல "பசியாறிட்டீங்களா"ன்னு ஒரு பாட்டி அன்பா கேட்டா மூஞ்சியைத் திருப்பிட்டுச் சிரிக்கறவங்களை என் கண்ணால பார்த்திருக்கேன். எனக்கு அது பொறுக்காது. கோலாலம்பூர்ல இருக்கற நம்ம ஊர்க்காரங்க சிலபேர் இன்னும் மோசம், தோட்டப்புறம்னா சாக்லேட் பேர்கூடத் தெரியாதுன்னு பேசுவாங்க. இந்தக் கீழ்ப்பேராக் மண்ணுலயே கோகோ விளைஞ்சது அவங்களுக்குத் தெரியாது.

சரி, கட்டி தட்டினதுக்கு வர்றேன். நானும் அதையேதான் செஞ்சேன். கேக் சாமான் விக்கற கடையில ஒரு பாளம் வாங்கிட்டு வந்து, மங்குல, அதான் கிண்ணத்துல, போட்டு, கொதிக்கிற தண்ணிச் சட்டிமேல வெச்சு, சீக்கிரம் உருகட்டும்னு தட்டு போட்டு மூடினேன். திறக்கறப்ப தட்டுல கோத்திருந்த நீர் நாலு சொட்டு உள்ள விழுந்தது. கிண்டக் கிண்ட இறுகிச்சு, பளபளப்பு போச்சு, கரண்டியைத் தூக்கினா மொத்தமும் கூடவே வந்தது. வாசல்ல பிள்ளைங்க வந்தாச்சு. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்தாங்க. ஒண்ணும் பேசலை. கொஞ்சம் பாலைச் சூடு பண்ணி, ஒரு கரண்டி ஊத்தி நடுவுலயே கிண்டினாங்க. இன்னும் மோசமாத்தான் ஆச்சு. ரெண்டாவது கரண்டி, மூணாவது. நாலாவதுல சட்டுனு இளகி, கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆயிடுச்சு. காரணம் எனக்குப் பின்னாலதான் புரிஞ்சது. சாக்லேட்ல தண்ணி கிட்டத்தட்ட கிடையாது, சர்க்கரையும் கோகோ தூளும் கொழுப்புக்குள்ள மிதந்துட்டிருக்கு. சொட்டுத் தண்ணி பட்டா சர்க்கரை ஈரமாகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். தண்ணி நிறைய இருந்தா சர்க்கரை கரைஞ்சு இளகிடும். ஆக, கட்டியானதைக் கீழே கொட்டாதீங்க. சூடான பால் கரண்டி கரண்டியா விட்டுக் கிண்டுங்க, முக்கிச் சாப்பிட அதுவே போதும். தீஞ்ச வாசனை வந்திருந்தா மட்டும் காப்பாத்த முடியாது.

இப்ப லேபிளைத் திருப்புங்க. உங்களுக்கு மலாய் தெரியாது, பரவாயில்லை, இந்த நாலஞ்சு வார்த்தை போதும். பொருள் வரிசையில "மெந்தேகா கோக்கோ"ன்னு இருந்தா அது கோகோ வெண்ணெய், நிஜ சாக்லேட். அது இல்லாம "லெமாக் சாயுரான்", "லெமாக் இசிருங் சாவிட்"னு இருந்தா தாவர எண்ணெய்க் கொழுப்பு, செம்பனைப் பருப்புக் கொழுப்பு. கடைக்காரர் அதைக் காம்பவுண்டுன்னு சொல்வார், விலை கம்மி. அதை மட்டம்னு நான் சொல்லமாட்டேன். இந்த வெயில்ல கையில ஒட்டாம நிக்கும், பள்ளிக்கூட விழாவுல விக்க அதுதான் தோது. ஆனா சூடா முக்கிச் சாப்பிட்டா நாக்குல மெழுகு மாதிரி ஒரு படலம் தங்கும். 2024ல உலகச் சந்தையில கோகோ டன்னு 10,000 டாலரைத் தாண்டிச்சு, விலை ஏறினா செய்யறவங்க கொழுப்பை மாத்தியிருக்கலாம், அதனால போன தடவை வாங்கின அதே பேர்ல உள்ள பாளத்தையும் ஒவ்வொரு தடவையும் திருப்பிப் படிச்சிட்டே வாங்குங்க.

பாலாடைக் கிரீம்லயும் இதே கதை. "தெனுசு"ன்னா பால் சம்பந்தப்பட்டது, "புக்கான் தெனுசு"ன்னா பால் இல்லாதது. பின்னது கேக் மேல அலங்காரத்துக்கு, ஏற்கெனவே இனிப்பு சேர்த்துதான் வரும். ஊர் நெனப்புல கெட்டிப்பால்னு ஒரு டின் எடுப்பீங்க, படத்துல பால் மாதிரியே ஊத்தும், எழுத்துல "கிரிமர் மானிஸ்"னு இருக்கும். அது செம்பனை எண்ணெய் சேர்த்த இனிப்புக் கிரீமர். தேத்தண்ணிக்கு அருமை, இதுக்கு வேண்டாம்.

செய்முறை சின்னதுதான். 200 கிராம் சாக்லேட்டைப் பருப்பு அளவுக்குப் பொடியா நறுக்கிக் காய்ஞ்ச மங்குல போடுங்க. மங்கு, கத்தி, கரண்டி எதுலயும் ஈரம் கூடாது. 200 மில்லி கிரீமைச் சட்டியில ஊத்தி, ஓரத்துல சின்னச் சின்னக் குமிழ் வந்ததும் இறக்கிடுங்க, பொங்க விடாதீங்க. அதைச் சாக்லேட் மேல ஊத்தி ரெண்டு நிமிஷம் தொடாதீங்க. கை பரபரக்கும், விட்டுடுங்க. அப்புறம் நடுவுலேருந்து சின்ன வட்டமா கிண்டிக்கிட்டே வெளியே வாங்க. முதல்ல திரிஞ்ச மாதிரி திட்டுத்திட்டா தெரியும், பயப்படாதீங்க, கிண்டக் கிண்டச் சேர்ந்துடும். ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கரண்டி வெண்ணெய். கெட்டியா இருந்தா ரெண்டு கரண்டி சூடான பால்.

கிரீம் கிடைக்கலைன்னா தேங்காய்ப்பால். பாகான் டத்தோ தென்னைக்குப் பேர் போன இடம், உங்களுக்கு அது வாசல்ல இருக்கு. கெட்டியான தேங்காய்ப்பால் 200 மில்லி, சூடு ஏறினதும் இறக்கிடணும், கொதிச்சா எண்ணெய் பிரியும். எங்க வீட்டுல இப்ப கிரீமே வாங்கறதில்லை.

இந்தப் பக்கம் தென்னைக்குக் கீழ ஊடுபயிரா கோகோதான் நின்னுச்சு. 1990 வாக்குல மலேசியா வருஷத்துக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல கோகோ எடுத்தது. விலை சரிஞ்சது, காய் துளைக்கிற புழு வேற வந்தது, தோட்டங்கள் செம்பனைக்கு மாறிடுச்சு. இன்னிக்கு இங்க அரைக்கிற கொட்டை பெரும்பாலும் வெளிநாட்டுலேருந்து வருது. அந்தப் பெரியம்மா கோகோ காலத்துல காய் உடைக்கிற வேலை பார்த்தவங்க. அன்னிக்கு ராத்திரி சட்டி கழுவறப்பதான் சொன்னாங்க. காயைக் கட்டையால தட்டிப் பிளந்தா உள்ள வெள்ளைச் சதை, வழவழன்னு, நாக்குல வெச்சா புளிப்பும் இனிப்பும். கொட்டையைச் சதையோட மரப்பெட்டியில கொட்டி, சாக்குப் போட்டு மூடி, அஞ்சாறு நாள் புளிக்கவிடுவாங்களாம். கிளறிவிடப் பெட்டியைத் திறந்தா காடி வாசனை மூக்கைத் துளைக்குமாம், கை வெச்சா சுடுமாம். அப்புறம் வெயில்ல காயப்போட்டு மழை வந்தா அள்ளிட்டு ஓடணும். விரல் இடுக்குல ஏறின பழுப்புக் கறை வாரக்கணக்குல போகாதுன்னு விரலை விரிச்சுக் காட்டினாங்க.

"அந்தக் கொட்டை என்னாகும்னு எங்களுக்கு யாரும் சொன்னதில்லம்மா. லோரி வரும், மூட்டை போகும்"னாங்க. அத்தனை வருஷத்துல ஒரு துண்டு சாக்லேட் வாங்கித் தின்னதில்லையாம். மங்கு ஓரத்துல மிச்சம் இருந்ததை விரலால வழிச்சு நாக்குல வெச்சுட்டு, ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கிட்டு இருந்தாங்க. நான் தண்ணிக் குழாயை மூடிட்டு நின்னேன். 2015ல போயிட்டாங்க. எனக்கு இந்த ஊர் தமிழும் மலாயும் சொல்லிக்குடுத்தது அவங்கதான், நான் ஊர்ப் பொட்டலம் கேக்கறதை நிறுத்தினதும் அவங்களாலதான்.

சனிக்கிழமைக்கு, ஸ்ட்ராபெரிக்கு வெள்ளியை, அதான் இங்கத்துப் பணத்தை, கொட்டாதீங்க. பசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, சின்ன வாழைப்பழம், பிசாங் மாஸ், ஒரு சீப்பு வாங்குங்க. கொய்யா நல்லா இருக்கும். கழுவின பழத்தைத் துணியால ஒத்தித் துடைச்சிடுங்க, ஈரம் இருந்தா சாக்லேட் வழுக்கிக் கீழதான் விழும். சாக்லேட் கிண்ணத்தைச் சுடுதண்ணி ஊத்தின தட்டுல வைங்க, ஒரு மணி நேரம் தாங்கும். சின்னப் பிள்ளைங்க, முதல்ல உங்க விரல்ல தொட்டு சூடு பாருங்க. மீந்தா வெளியே விடாதீங்க, ஐஸ் பெட்டியில மூடி வெச்சா மூணு நாலு நாள் இருக்கும். ஞாயித்துக்கிழமை காலையில லேசா சூடு பண்ணி ரொட்டியில தடவிக் குடுங்க. பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம்.