முற்றத்தில் கிடக்கும் எலும்பு

கேள்வி: பேரனார் காலத்தில் கரையொதுங்கின திமிங்கிலத்தின் முள்ளந்தண்டு எலும்பொன்று எங்கட முற்றத்தில் கிடக்கிறது. குந்துகிறதுக்குப் பாவிக்கிறோம். அது எந்தக் கடலில் திரிந்தது என்று இப்ப கண்டுபிடிக்க ஏலுமா ஐயா?
— வாசகர், பருத்தித்துறை

பதில்: தம்பி, முதலில் ஒரு வேண்டுகோள். அதற்குப் பெயின்ற் பூசாதேயும், வெள்ளையாக்கவென்று குளோரினில் ஊறப்போடாதேயும். உள்ளே மிஞ்சியிருக்கிற மரபணுவும் போய்விடும்.

வெயிலும் உப்பும் தின்ற எலும்பில் மரபணு துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். கலத்துக்குச் சக்தி கொடுக்கும் இழைமணியின் மரபணு மட்டும் ஒரு கலத்துக்குள்ளேயே எத்தனையோ பிரதிகளாக இருப்பதால் தப்பிப்பிழைக்க வாய்ப்புக் கூட. அது தாய்வழியாக மட்டும் வருவது. கூனல் திமிங்கிலக் கன்று முதல் வருடம் தாயின் பக்கத்திலேயே நீந்தி, தாய் இரை தேடும் கடலைப் பழகிக்கொள்ளும்; வளர்ந்த பிறகும் அங்கேதான் போகும். அதனால் தாய்வழி மரபணு, போன வழியையும் ஓரளவு காட்டிவிடும்.

உம்முடைய எலும்பு கூனல் திமிங்கிலத்தினது என்று வைத்துக்கொள்வோம். தென்கடல் கூட்டங்கள் அந்தாட்டிக்காவில் இரை தின்று, கன்று ஈன வெப்பக் கடலுக்கு வருபவை. அரபிக்கடல் கூட்டமோ வலசையாகத் துருவத்துக்குப் போவதேயில்லை. சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற காலத்தில் ஓமான் கரையில் ஆழத்துக் குளிர்நீர் மேலே வரும், மீன் பெருகும், அங்கேயே வயிறு நிரம்பிவிடும். ஓமான் கரையோரக் கடலில் ஆய்வாளர்கள் சிறிய அம்பெய்து, பென்சில் அழிறப்பர் அளவு தோலை எடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 70,000 ஆண்டுகளாக அவை தனித்தே வாழ்கின்றன என்று 2014 இல் வெளியான ஆய்வு சொன்னது.

எனக்கு நெஞ்சு பதைத்தது அதை வாசித்தபோதுதான். 1965 இலும் 1966 இலும் சோவியத் வேட்டைக் கப்பல்கள் அந்தக் கூட்டத்தில் 242 ஐக் கொன்றன. இன்று ஓமான் கரையில் நூறுகூட இல்லை. தெற்கிலிருந்து உறவு வந்து அந்த இடத்தை நிரப்பப் போவதுமில்லை.

இப்ப நீர் செய்ய வேண்டியது: அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்து எலும்பைப் படமெடும். யாழ். பல்கலைக்கழக விலங்கியல் துறையில் காட்டும். விலைக்குக் கேட்டு வருபவருக்குக் கொடுக்காதேயும். அது ஒதுங்கியது சோளகத்திலா வாடையிலா என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்து எழுதி வையும். தென்கடல் கூட்டம் வடக்கே வெப்பக் கடலில் நிற்பது ஆடி, ஆவணியை ஒட்டி. வாடைக் காலமென்றால் அரபிக்கடல் பக்கம்தான் முதலில் தேடவேண்டும்.