80,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 38. திருப்பூரில் பன்னிரண்டு மெஷின் உள்ள ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் ஓவர்லாக் டைலர். பீஸ் ரேட்டில் மாதம் சராசரியாக 18,000 ரூபாய் வரும். மூன்றரை மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, பைக்கில் வந்துகொண்டிருந்தவரைப் பின்னால் வந்த கார் இடித்துத் தள்ளிவிட்டது. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்து, பிளேட் வைத்திருக்கிறார்கள். கார் உரிமையாளர் 80,000 ரூபாய் தருகிறேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுங்கள் என்கிறார். மருத்துவமனையில் எங்களைச் சந்தித்த ஒருவர், "வக்கீலை நான் பார்த்துக்கொள்கிறேன், வருவதில் முப்பது சதவீதம் போதும்" என்று சில தாள்களில் கையெழுத்து வாங்கிச் சென்றார். கணவரின் ஓட்டுநர் உரிமம் காலாவதியாகியிருந்தது, ஹெல்மெட்டும் அணியவில்லை. மருத்துவமனைப் பதிவில் "பைக்கிலிருந்து தவறி விழுந்தார்" என்று எழுதியிருக்கிறது. போலீஸில் நான்கு நாள் கழித்துத்தான் புகார் கொடுத்தோம். எங்களுக்கு வக்கீல் தேவையா, அல்லது இந்தப் பணத்தை வாங்கிக்கொள்ளலாமா?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரிக்கு, முதலில் அந்த முத்திரைத்தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில் உங்கள் கணவர் இப்போது கையெழுத்திட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 164-ஆவது பிரிவு, விபத்தில் கொடுங்காயம் அடைந்தவருக்கு, எதிர்த்தரப்பின் தவறை நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லாமலே, 2.5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை நிர்ணயித்திருக்கிறது. எலும்பு முறிவு சட்டத்தின் பார்வையில் கொடுங்காயம்தான். சட்டம் வகுத்த அந்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத ஒன்றுக்காக எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள். கார் உரிமையாளர் கெட்ட எண்ணத்தோடு கேட்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. வழக்கு என்றால் தன் கைப்பணம் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். காருக்கு விபத்தன்று நடப்பில் உள்ள மூன்றாம் நபர் காப்பீடு இருந்தால், உங்களுக்குச் சேர வேண்டிய தொகையை அந்த நிறுவனமே செலுத்தும். அந்தக் காப்பீடு இருந்ததா என்பதை வண்டி எண்ணை வைத்து எம்பரிவாஹன் செயலியிலேயே பார்த்துவிடலாம்.

ஆனால் 164-ஆவது பிரிவின் தொகையோடு நின்றுவிடக் கூடிய வழக்கு அல்ல உங்களுடையது. காரை ஓட்டியவரின் கவனக்குறைவை நிரூபித்து 166-ஆவது பிரிவின் கீழ் முழு இழப்பீடு கேட்கும் வழி இருக்கிறது. உங்கள் கணவரின் தொழிலையும் காயத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது அந்த வழியே பொருத்தமானது என்பது என் கருத்து. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் வழக்கறிஞர் தேவையா என்ற உங்கள் கேள்விக்கான விடையும் இதற்குள்தான் இருக்கிறது.

சிகிச்சை முடிந்து கால் ஒரு நிலைக்கு வந்த பிறகு, அரசு மருத்துவமனையின் மருத்துவ வாரியம் அவரைப் பரிசோதித்து ஊனத்தின் அளவைச் சதவீதமாகச் சான்றளிக்கும். முப்பது சதவீதம் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். விபத்து இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் நம் தீர்ப்பாயங்களில் இதைப் பணமாக மாற்றும் முறைகள் இரண்டு. காயம் சம்பாதிக்கும் திறனைப் பாதிக்கவில்லை என்று நீதிபதி கருதினால், ஊனத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் இத்தனை ஆயிரம் ரூபாய் என்று கணக்கிடுவார். சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்றால்கூட அது 1.5 லட்சத்தில் நின்றுவிடும். காயம் அவர் செய்துவந்த வேலையையே பாதித்துவிட்டது என்று ஏற்றுக்கொண்டால் கணக்கே வேறு. 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு பிரணய் சேத்தி வழக்கில் வகுத்தபடி, 40 வயதுக்குக் கீழ் உள்ள, நிரந்தரப் பணி இல்லாதவரின் வருமானத்தோடு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். காயமடைந்து உயிரோடிருப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2020-இல் பப்பு தேவ் யாதவ் வழக்கில் தெளிவாக்கப்பட்டது. அப்படியென்றால் 18,000 ரூபாய் 25,200 ஆகிறது, ஆண்டுக்கு 3,02,400. 36 முதல் 40 வயதினருக்கு, 2009-இல் சரளா வர்மா வழக்கில் தரப்பட்ட அட்டவணைப்படி, பெருக்க வேண்டிய எண் 15. பெருக்கினால் 45,36,000. திறன் இழப்பு முப்பது சதவீதம் என்றால் 13,60,800 ரூபாய். மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் கூலி, உடனிருந்தவரின் செலவு, வலிக்கும் வேதனைக்குமான தொகை, பின்னாளில் பிளேட்டை எடுக்க ஆகும் அறுவைச் செலவு ஆகியவை இதற்கு மேல் தனியாக வரும்.

ஒரே கால், ஒரே சான்றிதழ், ஆனால் 1.5 லட்சத்துக்கும் 13.6 லட்சத்துக்கும் இடையில் இவ்வளவு தூரம். அந்தத் தூரத்தைத் தீர்மானிப்பது, அவர் எந்த வேலை செய்கிறார், அந்த வேலையில் இந்தக் காலுக்கு என்ன பங்கு என்ற சாட்சியம். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில், 2010-இல், உச்ச நீதிமன்றம் இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கியது. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய வருமான இழப்பு ஏறக்குறைய நூறு சதவீதம். அதே கையை இழந்தவர் அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலையே போகாமலும் இருக்கலாம். எனவே மருத்துவச் சான்றிதழில் உள்ள சதவீதம் தொடக்கம்தான். சில வழக்குகளில் திறன் இழப்பு அதைவிடக் குறைவாகவும், சிலவற்றில் அதைவிட அதிகமாகவும் நிர்ணயிக்கப்படுகிறது.

ஓவர்லாக் மெஷினில் உட்காருகிற தொழிலாளியின் வலது பாதம் நாள் முழுவதும் என்ன செய்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. துணியின் வளைவுக்கு வளைவு பெடலை அழுத்தியும் தளர்த்தியும் வேகத்தை ஆள்வது அந்தப் பாதம்தான். கணுக்கால் முன்போல் மடங்காவிட்டால் அவரால் நடக்க முடியும், கடைக்குப் போய்வர முடியும், ஆனால் பீஸ் எண்ணிக்கை பாதியாகிவிடும். நீதிமன்றத்தில் காப்பீட்டு நிறுவன வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும், "இன்று இங்கே நடந்துதானே வந்தீர்கள்?" என்பதாக இருக்கும். மனுதாரர் "ஆமாம்" என்று உண்மையைச் சொல்வார். அதன் பிறகு பெடலைப் பற்றி, பீஸ் ரேட்டைப் பற்றி, மருத்துவரைக் கொண்டும் முதலாளியைக் கொண்டும் எடுத்துச்சொல்ல யாரும் இல்லையென்றால், அந்த ஒரு "ஆமாம்" மட்டுமே பதிவில் நிற்கும். இப்படிக் கைவிடப்பட்ட வழக்குகளின் தீர்ப்புகளை நான் படித்து வருந்தியிருக்கிறேன். உங்களுக்கு வழக்கறிஞர் வேண்டும் என்று நான் சொல்வதன் முதல் காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் அந்த மருத்துவமனைப் பதிவு. ஏ.ஆர். காப்பி என்று நாம் சொல்லும் விபத்துப் பதிவேட்டு நகலில் "தவறி விழுந்தார்" என்று இருப்பதையும், முதல் தகவல் அறிக்கை நான்கு நாள் தாமதமானதையும் சேர்த்து, கார் மோதவே இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் நிச்சயம் வாதிடும். பதறவும் வேண்டாம், அந்தப் பதிவைத் திருத்தித் தரும்படி மருத்துவமனையில் யாரையும் கேட்கவும் வேண்டாம். திருத்திய பதிவு உங்களுக்கு எதிராகவே திரும்பும். அன்றிரவு அவரைக் கொண்டுவந்து சேர்த்தவர் யார், பணியில் இருந்த மருத்துவரிடம் விவரம் சொன்னது யார் என்று பாருங்கள். வழியில் போன ஆட்டோ ஓட்டுநர், நடந்ததை முழுதாகப் பார்க்காமல், "பைக்கிலிருந்து விழுந்துட்டாருங்க" என்று சொல்லியிருக்கக்கூடும். அவரைத் தேடிப் பிடித்துச் சாட்சியாக அழைப்பது பயன் தரும். இதைவிட உறுதியான சான்று மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை. பைக்கின் பின்பக்க மட்கார்டும் நம்பர் பிளேட்டும் நசுங்கியிருப்பதும், காரின் முன்பக்க பம்பர் உடைந்திருப்பதும் அதில் பதிவாகியிருந்தால், தானாக விழுந்தார் என்ற வாதம் நிற்காது. முதல் தகவல் அறிக்கை, விபத்து நடந்த இடத்தின் வரைபடம், ஆய்வாளர் அறிக்கை ஆகியவற்றின் நகல்களை இப்போதே வாங்கிவிடுங்கள். தாமதத்தைப் பொறுத்தவரை, உயிருக்குப் போராடுபவரைக் காப்பாற்றவே குடும்பம் முதலில் ஓடும், தக்க விளக்கம் இருந்தால் தாமதம் ஒன்றையே காரணம் காட்டி மனுவைத் தள்ளக் கூடாது என்று 2011-இல் ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மேலும் இழப்பீட்டு வழக்கில் தேவைப்படும் நிரூபணம் குற்ற வழக்கில் தேவைப்படும் அளவுக்குக் கடுமையானது அல்ல. எது நடந்திருக்கக்கூடும் என்று சாட்சியங்கள் அதிகம் சுட்டுகின்றனவோ அதுவே போதும்.

உரிமம் காலாவதியானதும் ஹெல்மெட் இல்லாததும் குற்றம்தான், அதற்கான அபராதம் வேறு. உரிமம் இல்லை என்பதாலேயே விபத்துக்கு அவரும் காரணம் ஆகிவிடமாட்டார் என்று சுதீர்குமார் ராணா வழக்கில் 2008-இலேயே தீர்க்கப்பட்டுவிட்டது. ஹெல்மெட் தலைக்காயத்தில் பேசப்பட வேண்டிய விஷயம், கால் முறிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இனி, எல்லா விபத்துக்கும் வழக்கறிஞர் தேவையா என்றால், தேவையில்லை என்றே சொல்வேன். சிராய்ப்போ தையலோ போட்டு சில வாரங்களில் முழுதாக ஆறிவிட்ட காயம், யார் மோதினார் என்பதில் தகராறு இல்லை, காப்பீடும் நடப்பில் இருக்கிறது என்றால், காவல்துறை தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் விபத்து அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனமும் 30 நாட்களுக்குள் தன் தொகையை முன்வைக்க வேண்டும். தொகை நியாயமாக இருந்தால் நீங்களே முடித்துக்கொள்ளலாம். ஆனால் உயிரிழப்பு, நிரந்தர ஊனம், தொழில் பாதிப்பு, ஆவணங்களில் முரண், காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தனியாகப் போகாதீர்கள். உங்கள் வழக்கில் மூன்று இருக்கின்றன.

காலம் மிக முக்கியம். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும் என்று 166(3) பிரிவு சொல்கிறது. இந்த விதியை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. காலம் கடந்தது என்ற காரணத்துக்காக மட்டும் மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவை நம்பி நாட்களைக் கடத்துவது சரியல்ல. உங்களுக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. சிகிச்சை முடியவில்லையே என்று காத்திருக்காமல் இப்போதே தாக்கல் செய்துவிடுங்கள், ஊனச் சான்றிதழை விசாரணையின்போது பெறலாம். விபத்து எங்கே நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் திருப்பூர் தீர்ப்பாயத்திலேயே மனு போட முடியும்.

மருத்துவமனையில் வந்து கையெழுத்து வாங்கியவரைப் பற்றி ஒரு வழக்கறிஞராக எனக்கு வருத்தம் அதிகம். இழப்பீட்டில் பங்கு கேட்பதையும், வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. நீங்கள் கையெழுத்திட்டவற்றில் வக்காலத்தும், அதாவது உங்களுக்காக வாதாட ஒரு வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் தாளும், இருக்கலாம். இருந்தாலும் அது உங்களைக் கட்டிப்போடாது. கொடுத்த வக்காலத்தை ரத்து செய்யவும், வேறு வழக்கறிஞரை நியமிக்கவும் கட்சிக்காரருக்கு எப்போதும் உரிமை உண்டு. இன்ன தேதியில் வாங்கிய தாள்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று அவருக்கும், அவர் குறிப்பிட்ட வழக்கறிஞருக்கும் பதிவுத் தபாலில் எழுதி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் ஏற்கெனவே மனு தாக்கலாகியிருக்கிறதா என்றும் தீர்ப்பாயத்தில் விசாரியுங்கள். இழப்பீட்டை மனுதாரரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்ப வேண்டும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியிருக்கிறது. அதனால்தான் இப்படிப்பட்டவர்கள் பாஸ்புக்கையும், ஏ.டி.எம். கார்டையும், நிரப்பாத காசோலையையும் முன்கூட்டியே கேட்கிறார்கள். எதையும் கொடுக்காதீர்கள்.

வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும்போது, சாட்சி விசாரணை நாளில் நீங்களே வருவீர்களா, மருத்துவரையும் முதலாளியையும் விசாரிப்பீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள். கட்டணத்தைக் குறிப்பிட்ட தொகையாகப் பேசி ரசீது வாங்குங்கள். கட்டணம் கொடுக்க வசதியில்லை என்றால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். தொழிற்சாலைத் தொழிலாளர்களும் மாற்றுத்திறனாளிகளும் இலவசச் சட்ட உதவிக்குத் தகுதி உடையவர்கள். பின்னர் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேச அழைப்பு வந்தால் போகலாம், ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது. ஆகவே மருத்துவ வாரியத்தின் சான்றிதழ் கைக்கு வருவதற்கு முன் எந்தத் தொகைக்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, இந்த வாரமே செய்ய வேண்டிய ஒன்று. பீஸ் ரேட் தொழிலாளிக்குச் சம்பளச் சீட்டு இருக்காது, சனிக்கிழமைக் கணக்கு எழுதும் நோட்டுதான் இருக்கும். விபத்துக்கு முந்தைய ஓராண்டுப் பக்கங்களை நகலெடுத்து, அவர் ஓவர்லாக் மெஷினில் வேலை பார்த்தார் என்பதையும் சேர்த்து, யூனிட் முதலாளியிடம் கையெழுத்து வாங்கிவையுங்கள்.