கோல்ஃப் பழகி மூன்று மாதமாகியும் பந்து வலப்பக்கமே வளைகிறது, விட்டுவிடலாமா?

விட வேண்டாம். வலக்கைக்காரர் அநேகமானோருக்கு வருகிற வியாதிதான் இது, பெயர் ஸ்லைஸ். பந்தில் படும் கணத்தில், மட்டை வீசப்படும் பாதையை விட அதன் முகம், அதாவது பந்தில் படும் பக்கம், வலப்புறம் திறந்திருக்கிறது. அதனால்தான் பந்து சுழன்று வளைகிறது. சரி, இடப்பக்கம் பார்த்து நிற்போம் என்று இழுத்து வீசினால் வளைவு இன்னும் கூடும். நானும் பல கிழமைகள் அதையே செய்து, பந்துகளைப் பற்றைக்குள் தேடியிருக்கிறேன்.

முதலில் பிடியைப் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது இடக்கையின் இரண்டு, மூன்று விரல் கணுக்கள் தெரிய வேண்டும். கொழும்புப் புழுக்கத்தில் கையுறை நனைந்து வழுக்கும். வழுக்குகிறதென்று இறுக்கிப் பிடித்தால் முகம் திரும்பாது. துவாயொன்று வைத்திருங்கள்.

அயர்ன் எனும் தட்டையான உலோகத் தலை மட்டையால் பந்தைத் தூக்கப் பார்க்காதீர்கள். சரிந்த முகமே தூக்கிவிடும். முதலில் பந்து, அப்புறம் புல். புல் பிய்ந்த இடம் பந்து இருந்த இடத்தைத் தாண்டி, இலக்குப் பக்கம் இருந்தால் அன்றைக்கு முன்னேற்றம்தான்.

பொரளைப் பக்கம் ரோயல் கொழும்பு கோல்ஃப் கழகத் திடலுக்குள்ளாலேயே களனிவெளி ரயில் போகும். ரயிலில் இருப்பவர்கள் பார்க்கிறார்களே என்று அவசரப்பட்டு வீசுவது தனி வியாதி.

இன்னொன்று: பார் 72 (18 குழிகளையும் முடிக்க நல்ல ஆட்டக்காரருக்கு வகுத்த அடிகள்) என்ற கணக்கில் 36 அடிகள் பட்டிங்குக்கே, அதாவது குழியருகே பந்தை உருட்டி விழுத்துவதற்கே. குழியின் அகலம் 108 மில்லிமீற்றர். வீட்டில் தரையில் ஒரு தேநீர்க் கோப்பையைச் சரித்து வைத்துப் பழகுங்கள், காசே செலவில்லை.